பூணூலில் அளந்த சக்கரம்

விஸ்வேஸ்வரனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். அவனும் நானும் கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரே மிளகுக் கம்பெனியில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து குப்பை கொட்டினோம். பாண்டிக்குடியில் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தோம். அது போதாதென்றால், என் ஜானவாசத்தன்று என் அத்திம்பேரின் பட்டு வேஷ்டியில் அவன் வண்டிச் சக்கரம் வாரி அடித்த சேறு இன்னும் என் மனசிலிருந்து காயவில்லை. ஒருவனைப் பற்றி உள்ளபடி எழுத வேண்டுமானால் அவன் மேல் கொஞ்சம் கோபம் இருப்பது நல்லது. எனக்கு நிறையவே இருக்கிறது.

ஊரில் எல்லோருக்கும் அவன் விச்சு. வெற்றிலைக் காம்பு மாதிரி ஒல்லி, குரல் மட்டும் கனம். குமாஸ்தா வேலையை அவன் மழைக்கு ஒதுங்குகிற இடமாகத்தான் வைத்திருந்தான். அவன் உயிர் முழுக்க அந்த வண்டியில் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஒரு தேயிலைத் துரை சொந்த ஊருக்குக் கப்பலேறியபோது விச்சுவுக்குச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார் அது. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். முன் மட்கார்டுகள் இரண்டிலும் குழி வைத்துப் பக்கத்துக்கொரு ஸ்டெப்னி, அதாவது மாற்றுச் சக்கரம், நிறுத்தியிருக்கும். தமிழ் பிராமணர்களான எங்களவர்களுக்கு அந்த வண்டியின் அருமை சீக்கிரமே தெரிந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி, கழுத்தில் மாலையைப் போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னே போக, கோயிலிலிருந்து பெண் வீடு வரை ஊர்வலமாக அழைத்துப் போவோம். அத்தனை நாள் வேஷ்டியும் துண்டுமாகத் திரிந்தவன் அன்று ஒரு நாள் துரை. மூடிய காரில் போனால் அந்தத் துரையை யார் பார்ப்பது? ஆகவே மட்டாஞ்சேரியிலிருந்து திருப்பூணித்துறை வரை எந்தத் தமிழ் வீட்டில் கல்யாணம் என்றாலும், விச்சுவின் வண்டி ஓய்வாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தம் குறித்தார்கள்.

ஊர்வலத்தில் விச்சு மாப்பிள்ளையைவிட நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவான். “ஆணியிலேர்ந்து ஹாரன் வரைக்கும் ஒரே கம்பெனியாக்கும். ஒரு நட்டு மாத்தலை” என்று கேட்டவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான். மூன்று வருஷம் அது உண்மையாகவும் இருந்தது.

ஐம்பத்துநாலில் தோப்பும்படிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டியின் பின் அச்சு படாரென்று முறிந்தது. அங்கேயே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர் இசக்கிமுத்து மேஸ்திரி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து கொச்சியில் காலூன்றிய மனிதர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உதட்டைப் பிதுக்கினார். அந்த அச்சு இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். இறக்குமதிக்கு அனுமதி வாங்கி அது வந்து சேருவதற்குள் விச்சுவுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துவிடும். அவனுக்கோ முதல் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இசக்கிமுத்து இடக்கொச்சியில் காயலுக்குள் விழுந்து தூக்கப்பட்ட ஒரு அமெரிக்கக் காரின் பின் அச்சை, அதன் இரண்டு சக்கரங்களோடு, வெட்டி ஒட்டிப் பொருத்திக் கொடுத்தார். அன்றிலிருந்து விச்சுவின் வண்டி முன்பாதி இங்கிலாந்து, பின்பாதி அமெரிக்கா.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள் நான். எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதுதான் சேறு பட்ட கதை.

முன் சக்கரத்திலும் போல்ட்டுக்கு ஐந்து ஓட்டை, பின் சக்கரத்திலும் ஐந்து ஓட்டை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பின் சக்கரத்தின் ஐந்து ஓட்டைகளும் கொஞ்சம் பெரிய வட்டத்தில் உட்கார்ந்திருந்தன. ஓட்டைக்கு ஓட்டை அளந்தால் அரை விரல் வித்தியாசம். அந்த அரை விரலால் முன்னதைப் பின்னால் மாட்ட முடியாது, பின்னதை முன்னால் மாட்ட முடியாது. துரை விட்டுப்போன ஸ்டெப்னிகள் இரண்டும் முன்னுக்கு மட்டுமே சேரும். பின்னுக்கு ஒன்று வேண்டும். விச்சு எறணாகுளத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு சக்கரத்தைப் பிடித்து, காயல் தாண்டும் போட்டில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்து மேஸ்திரியின் முன் உருட்டினான். அது மாட்டவில்லை.

“டயர் சைஸ் பாத்துண்டுதானே வாங்கினேன் மேஸ்திரி? அஞ்சரைக்குப் பதினாறு. அஞ்சு ஓட்டையும் இருக்கு. பின்னே என்ன கொழப்பம்?” என்றான் விச்சு.

“அஞ்சரைங்கிறது டயரோட அகலம் சாமி. பதினாறுங்கிறது ரிம்மோட விட்டம். செருப்போட அளவு சரியாத்தான் இருக்கு, ஆனா காலு வேறல்லா?” என்றார் இசக்கிமுத்து. “ஓட்டை அஞ்சு இருந்தாப் போதாது. அஞ்சும் எம்புட்டுப் பெரிய வட்டத்துல இருக்குன்னு பாக்கணும். நடுவுல இருக்க பெரிய ஓட்டையில அச்சு முனை ஹப்பு நுழையணும். அதுக்கு மேல, சக்கரத்தோட நடுத்தட்டு உள்ள தள்ளி இருக்கா, வெளிய தள்ளி இருக்கான்னு பாக்கணும். இதுல ஒண்ணு பிசகினாலும் அது நம்ம வண்டிச் சக்கரம் இல்ல.”

விச்சு தலையை ஆட்டினான். அவன் தலையை ஆட்டினால் பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சக்கரம் வந்தது. ஓட்டை சரி, வட்டம் சரி, நடு ஓட்டையும் சரி. போல்ட்டெல்லாம் ஏறிவிட்டன. விச்சு மேஸ்திரியைப் பார்த்து மீசையை முறுக்கினான். அவனுக்கு மீசை கிடையாது, பாவனைதான். தட்டைப் பற்றி மேஸ்திரி சொன்னதை அவன் மறந்தே போயிருந்தான். அந்தச் சக்கரத்தின் நடுத்தட்டு உள்பக்கமாகத் தள்ளி இருந்ததால், மாட்டிய பிறகு சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அந்தச் சக்கரத்தோடுதான் என் ஜானவாசத்துக்கு வந்தான். அன்று நல்ல மழை பெய்து விட்டிருந்தது. நான் காரில் துரையாக வீற்றிருக்க, என் அத்திம்பேர் பின் சக்கரத்தை ஒட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி, ஊருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு நடந்தார். மட்கார்டுக்கு வெளியே நீண்ட சக்கரம் தெருச் சேற்றையெல்லாம் அளந்து எடுத்து அவர் மேல் போட்டது. பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தபோது அத்திம்பேர் எந்த நிறத்தில் இருந்தார் என்பதை என் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். மறுநாள் தாலி கட்டிய கையோடு நான் விச்சுவின் சட்டையைப் பிடித்தேன். அமெரிக்கா, இங்கிலாந்து, இடக்கொச்சி எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன.

பிறகு ஒருவழியாக ஓட்டை, வட்டம், நடு ஓட்டை, தட்டு நான்கும் ஒத்த ஒரு சக்கரம் கிடைத்தது. இடது மட்கார்டில் நிற்பது முன்னுக்கு, வலது மட்கார்டில் நிற்பது பின்னுக்கு என்று வைத்துக்கொண்டான். ஆனால் பஞ்சர் ஒட்டப் போன சக்கரங்கள் திரும்பி வரும்போதெல்லாம் எது எதுவென்று குழம்பியது.

“முன்னதுல ஒரு வெள்ளைப் பொட்டு, பின்னதுல ஒரு செவப்புப் பொட்டு வச்சிருவோம் சாமி. சோலி முடிஞ்சுது” என்றார் இசக்கிமுத்து.

“பொட்டு வெச்சா என்ன பொட்டுன்னு கேப்பா. எங்க ஆளுகளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது மேஸ்திரி. கோத்ரம் சூத்ரம் எல்லாம் நோண்டிக் கேட்டுட்டாக்கும் இலையிலே உக்காருவா. ஒட்டுப் போட்ட வண்டின்னு தெரிஞ்சா ஒரு மாப்பிள்ளை இதிலே ஏற மாட்டான்.”

“அப்பம் டேப்பு வச்சு அளந்துக்கிடுங்க.”

“டேப்பைக் கண்டா அதையும் கேப்பா.”

இந்த யோசனையில் அவன் ஒரு வாரம் கணக்கு வழக்கெல்லாம் தப்பும் தவறுமாக எழுதினான். பிறகு ஒரு நாள் கம்பெனிக் கிடங்கில், மிளகு மூட்டைகளில் அடையாளம் போடும் கறுப்பு மையில் குச்சியைத் தோய்த்துக்கொண்டு, சட்டையைத் திறந்து நிற்பதைப் பார்த்தேன். பூணூலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். பூணூலின் முடிச்சை ஒரு ஓட்டையில் வைத்து, ஒரு ஓட்டையை விட்டு அடுத்த ஓட்டை வரை நூலை இழுத்துப் பிடித்தால், முன் சக்கரத்துக்கு முதல் புள்ளி வரும். பின் சக்கரத்துக்கு அரை விரல் தள்ளி இரண்டாவது புள்ளி வரும். எங்கேயும் எப்போதும் உடம்போடு இருக்கிற அளவுகோல். யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். அப்படியும் எங்கள் வீட்டுச் சடங்கெல்லாம் செய்துவைக்கும் வாத்தியார் ஒரு நாள் குளக்கரையில் கண்டுபிடித்து, “என்னடா இது மை?” என்று கேட்டுவிட்டார். “ஒரு பிரார்த்தனை” என்றான். அவர் கண் கலங்கிவிட்டார்.

அளவுகோல் கையில் கிடைத்துவிட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? கொச்சியில் நிற்கிற வண்டியெல்லாம் எந்த அளவு என்று பார்க்கும் பைத்தியம் அவனைப் பிடித்தது. ஒரு குஜராத்தி சேட் புதுக் கார் வாங்கிக் கிடங்கு வாசலில் நிறுத்தியிருந்தார். விச்சு அதன் சக்கர மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூணூலை நட்டுக்கு நட்டு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சேட் வெளியே வந்துவிட்டார். ஓடவும் முடியாது, சொல்லவும் முடியாது. விச்சு கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்த மந்திரத்தை முணுமுணுத்தான். சேட் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். முடிந்ததும், “பாக்கி மூணு சக்கரத்துக்கு வேண்டாமா ஸ்வாமி?” என்று பணிவாகக் கேட்டார். நான்கு சக்கரத்துக்கும் மந்திரம் சொல்லி, தேங்காய் பழத்தோடு விச்சு ஆபீசுக்குத் திரும்பினான். அன்றைக்கு எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம்.

இப்படிக் கழிந்துகொண்டிருந்தவனுக்கு முப்பது வயதில் ஜாதகம் ஒன்று பொருந்தி வந்தது. பெண் லோகாம்பாள், மட்டாஞ்சேரியிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜாதகப்படி இருபத்தேழு வயது. அப்பா சிவராமகிருஷ்ணன் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வியாதி உண்டு. யார் எந்தச் சின்னப் பொய் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. ஒரு வரன், நான் டீக்கடைச் சாயா தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு, போட் ஜெட்டியில் கிளாஸும் கையுமாக அகப்பட்டான். அவனுக்குப் பெண் இல்லை என்றுவிட்டார். இன்னொருவன் சொன்ன உயரத்தில் அரை அங்குலம் குறைந்தான். நிலைப்படியில் நிற்கவைத்து அளந்து பார்த்துவிட்டு அவனையும் அனுப்பிவிட்டார்.

விச்சு பெண் பார்க்க அந்த வண்டியில்தான் போனான். துணைக்கு நான். சிவராமகிருஷ்ணன் வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். விச்சுவின் நாக்கு பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது.

“ஆணியிலேர்ந்து ஹாரன் வரைக்கும் ஒரே கம்பெனியாக்கும்.”

“ஒண்ணுமே மாத்தலையா?”

“ஒரு நட்டு மாத்தலை.”

“நல்லது. நேக்குப் பொய் மட்டும் ஆகாது, கேட்டேளா? வேற எது வேணும்னாலும் பொறுத்துப்பேன். ஒரு பொய் வந்துதுன்னா மணையிலே உக்காந்திருந்தாலும் எழுப்பிடுவேன்.”

விச்சுவின் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து லோகாம்பாள் கேசரித் தட்டோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்து, “எல்லா வண்டியிலேயும் ஒரு ஸ்டெப்னிதானே இருக்கும்? இதிலே ரெண்டு எதுக்கு?” என்று கேட்டாள்.

“அழகுக்கு” என்றான் விச்சு.

அவள் நம்பவில்லை. ஆனால் சிரித்தாள். விச்சுவின் கதை அந்தச் சிரிப்போடு முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் எதிரில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

“போய் உண்மையைச் சொல்லிட்டா என்ன?” என்றேன்.

“சொன்னா அவர் விரட்டிடுவார். நேக்கு அவளைத்தான் கல்யாணம் பண்ணிக்கணும். வேற யாரும் வேண்டாம்.” அத்தனை வருஷத்தில் வண்டியைத் தவிர வேறு எதற்காகவும் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக்கூட அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு மட்டும்.

கல்யாணம் ஐம்பத்தெட்டு ஆவணியில், ஆவணி அவிட்டம் கழிந்த அடுத்த வாரம். ஜானவாசத்துக்கு அவனுடைய வண்டிதான் என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆவணி அவிட்டத்தன்று நாங்கள் எல்லோரும் பழைய பூணூலைக் கழித்துவிட்டுப் புதுப் பூணூல் போட்டுக்கொள்வோம். வருஷா வருஷம் விச்சு அதற்குப் பிறகு நிதானமாக, நூல் பழகிய பிறகுதான் புள்ளி வைப்பான். இந்தத் தடவை கல்யாண அவசரம். போட்டுக்கொண்ட அன்றைக்கே, நூல் நனையக்கூட இல்லை, நேரே வண்டிக்குப் போய் அளந்து இரண்டு புள்ளியையும் வைத்துவிட்டான். புதுப் பருத்தி நூல் குளிக்கக் குளிக்கச் சுருங்கும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

ஜானவாசத்துக்கு முந்தின நாள் இசக்கிமுத்து ஆறு சக்கரங்களையும் கழற்றி, வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கி வைத்தார். நான்கு சக்கரங்கள் அதது அதன் இடத்தில் ஏறிவிட்டன. ஸ்டெப்னிகள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. விச்சு ஒன்றை எடுத்து நூலைப் பிடித்தான். சரியாக இரண்டாவது புள்ளியில் வந்து நின்றது.

“இது பின்னது மேஸ்திரி. வலது பக்கம் வெச்சுடுங்கோ. அப்போ அது முன்னது, இடது பக்கம்.”

“எதுக்கும் மத்ததையும் ஒருக்க அளந்து பாருங்க சாமி.”

“ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரிஞ்ச மாதிரிதானே?”

நூல் அரை விரல் சுருங்கியிருந்தது. அவன் பின்னது என்று சொன்னது முன்னதுதான். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. நாதஸ்வரம் முன்னே, பெட்ரோமாக்ஸ் இரண்டு பக்கமும். ஓட்டியது இசக்கிமுத்து. பின் சீட்டில் விச்சு நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாலையுமாக, எத்தனையோ மாப்பிள்ளைகளை அவன் உட்காரவைத்த அதே இடத்தில், வெட்கப்படத் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் முன் சீட்டில். நடந்து வருவதில்லை என்று நான் முன்பே சத்தியம் செய்திருந்தேன்.

பெண் வீடு கண்ணுக்குத் தெரிந்தது. மாடி ஜன்னலில் பெண்கள் கூட்டம். அப்போது ஏதோ தேயிலைப் பெட்டியிலிருந்து விழுந்து கிடந்த ஆணி ஒன்று முன்பக்க இடது டயரில் ஏறி, வண்டி புஸ்ஸென்று தலை சாய்ந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு நிமிஷம் சமாளித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

“கொழப்பமில்லை, கொழப்பமில்லை. ஸ்டெப்னி இருக்கு” என்று விச்சு உரக்கச் சொன்னான்.

இசக்கிமுத்து ஜாக்கி வைத்துத் தூக்கினார். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றினார். இடது மட்கார்டிலிருந்து ஸ்டெப்னியை இறக்கி மாட்டினார். இரண்டு போல்ட்டுகள் நுழைந்தன. மூன்றாவது இரும்பில் போய் முட்டி நின்றது. திருப்பி மாட்டினார். இப்போதும் இரண்டுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் விச்சுவைப் பார்த்தேன். விச்சு வானத்தைப் பார்த்தான், தூறல் ஆரம்பித்திருந்தது.

சிவராமகிருஷ்ணன் குடையோடு வந்து குனிந்தார். உபகாரமாக யாரோ பெட்ரோமாக்ஸையும் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்கள்.

“என்ன இது? உங்க வண்டிச் சக்கரம் உங்க வண்டியிலேயே ஏறலையா?”

“என் தப்புதான் சாமி” என்றார் இசக்கிமுத்து, பட்டென்று. “பெயிண்டு அடிக்கையில வேற வண்டிச் சக்கரத்தை மாத்தி வச்சிட்டேன்.”

விச்சு பிழைத்தான் என்று நினைத்தேன். சிவராமகிருஷ்ணன் மேஸ்திரியின் பக்கம் திரும்பி, கணக்கில் தப்பு விட்ட பையனை விளாசுவது போல் ஆரம்பித்தார். கல்யாண வண்டியில் இவ்வளவு அஜாக்கிரதையா, நீயெல்லாம் ஒரு தொழில்காரனா, மாப்பிள்ளை உன்னை நம்பி எப்படி வண்டியை விட்டார் என்று அடுக்கிக்கொண்டே போனார். அத்தனை பேர் நடுவில் இசக்கிமுத்து ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

விச்சு மாலையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினான்.

“மேஸ்திரியை ஒண்ணும் சொல்லாதேங்கோ. அவர் பேர்லே தப்பில்லை. வண்டி ஒரே கம்பெனின்னு நான் சொன்னது பொய். முன்பாதி ஒண்ணு, பின்பாதி வேற ஒண்ணாக்கும். முன் சக்கரம் பின்னாலே சேராது, அதனாலேதான் ரெண்டு ஸ்டெப்னி. இடம் மாத்தி வெச்சதும் நான்தான்.”

“எப்படி மாறும்?” என்றார் சிவராமகிருஷ்ணன். வாத்தியார் அல்லவா, செய்முறை கேட்டார்.

விச்சு டையைத் தளர்த்தி, சட்டைப் பித்தானைக் கழற்றி, பூணூலை வெளியே இழுத்தான். சூட்டும் கோட்டும் போட்ட மாப்பிள்ளை நடுத்தெருவில் சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூணூலால் ஓட்டையை அளந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நூல் இரண்டாவது புள்ளியையும் தாண்டிப் போயிற்று. “சுருங்கிடுத்து” என்றான் பரிதாபமாக.

சிவராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. குடைக்குள் நிமிர்ந்து நின்றார்.

“நான் அன்னிக்கே சொன்னேன். பொய் வந்தா எழுப்பிடுவேன்னு. இந்தக் கல்யாணம் வேண்டாம். எல்லாரும் போகலாம்.”

பூணூலை உள்ளே விட்டுக்கொள்ளக்கூட விச்சுவுக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அப்பா, அப்படியே என் ஜாதகத்தைப் பத்தியும் சொல்லிடுங்கோ.”

லோகாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ அவளை இழுத்தார்கள், அவள் நகரவில்லை.

“உள்ளே போடீ!” என்றார் சிவராமகிருஷ்ணன்.

“அது மட்டும் ஒரே கம்பெனியா? நாள் நான் பொறந்த நாள், வருஷம் மட்டும் ஜோஸ்யர் போட்ட வருஷம். நாலு வயசைக் குறைக்கச் சொன்னது நீங்கதானே? சாயா குடிச்சான், உயரம் கொறைஞ்சான்னு ஒவ்வொருத்தரா நீங்க விரட்டி விரட்டித்தான் நேக்கு முப்பத்தொண்ணு ஆச்சு.” அவள் தெருவில் நின்ற விச்சுவைக் காட்டினாள். “இவரையும் விரட்டாதேங்கோ.”

சிவராமகிருஷ்ணனின் குடை மெல்லத் தாழ்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஊரில் ஒரு பொய் பொறுக்காத மனிதர், மகளுக்குக் கல்யாணமே ஆகாதோ என்ற பயத்தில் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் கூட்டத்துக்கு அந்தப் பாவ புண்ணியமெல்லாம் எட்டவில்லை. அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பது, பெண்ணுக்கு முப்பத்தொன்று. எங்கள் வழக்கத்தில் பெண் ஒரு நாள் மூத்தவள் என்று தெரிந்தாலும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இனிமேல் ‘வேண்டாம்’ என்று சொல்லும் முறை விச்சுவுடையது. அத்தனை தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

விச்சு எழுந்து நின்றான். கையெல்லாம் கிரீஸ். டைக்கு மேல் பூணூல் தொங்கியது. அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான்.

“நெஜமாவே நீங்கோ மூத்தவாளா?”

“ஆமாம். ஒரு வயசு” என்றாள் லோகாம்பாள்.

அவன் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

“அப்போ கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கோ. சாரல் அடிக்கறது. நான் இந்தச் சக்கரத்தை மாத்திட்டு வந்துடறேன்.”

இசக்கிமுத்து வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது மட்கார்டுக்கு ஓடினார். விச்சு கோட்டைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, மற்ற ஸ்டெப்னியைத் தானே வாங்கி ஹப்பில் மாட்டினான். ஐந்து போல்ட்டும் நுழைந்தன. அவன் நட்டுகளை முடுக்கும்போது தூறல் பலத்தது. சிவராமகிருஷ்ணன் வந்து, தான் நனைந்துகொண்டு, குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தார். லோகாம்பாள் மட்டும் ஜன்னலை விட்டு நகரவேயில்லை. முகமெல்லாம் சாரலோடு, கடைசி நட்டு இறுகும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.